தனாக்கா வீட்டு விரதம்

என் அக்காள் தனலெட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது அவளுடைய கைப்பேசி, இளையது லோஷினி. இதை அவள் முகத்துக்கு நேராகவே ஒருநாள் சொன்னேன். சிரித்தாள். "கேமரா முன்னால இத சொல்லு ஜெகா, ஆளுங்க ரசிப்பாங்க" என்றாள். அப்படிப்பட்டவளிடம் என்னதான் பேசுவது?

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவள் வீடு எட்டாவது மாடி, என் வீடு மூன்றாவது. நான் ஒண்டிக்கட்டை, ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். வேலை முடிந்து வந்தால் பாதி நாள் சாப்பாடு அக்காள் வீட்டில்தான். அதனால் அவள் சமைப்பதைத் தின்றுகொண்டே அவளைத் திட்டும் உரிமை எனக்கு எப்போதும் உண்டு.

"தனாக்கா வீடு" என்று பெயர் வைத்து ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் இருபதாயிரம் பேரைச் சேர்த்து வைத்திருந்தாள். சாம்பார், சேலை, சாமி, புருஷன். இந்த நான்கும்தான் சரக்கு. நான்கில் நன்றாக ஓடிய சரக்கு புருஷன். லோகேஸ்வரன் மாமா பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாண நாளில் முழங்காலிட்டு உட்கார்ந்து அக்காளின் கால்விரலில் மெட்டி போட்டுவிட்டார். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பினாங்கில் எத்தனை பெண்கள் அன்றிரவு தங்கள் புருஷன்மாரைக் கரித்துக் கொட்டினார்களோ தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் என்னிடமே பெருமூச்சு விடுவார்கள். "ஒங்க மாமா மாதிரி யாருக்குலா கெடைக்கும்?"

லோஷினி அந்த வீடியோக்களின் ஓரத்தில் வருவாள். 'லோஷி, தட்ட எடுத்துட்டு வா', 'லோஷி, இந்தப் பக்கம் பாத்து சிரி'. அவள் மனசு முழுக்கப் படிப்பில்தான் இருந்தது. என் கடைக்கு வந்தால் மருந்து அட்டைகளின் பின்னால் உள்ள பொடி எழுத்தை எல்லாம் வாசித்துவிட்டு, இந்த மாத்திரையை ஏன் பாலோடு சாப்பிடக் கூடாது தெரியுமா சித்தி என்று எனக்கே பாடம் எடுப்பாள். மருந்தாளர் ஆக வேண்டும். அதற்கு முதலில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்க வேண்டும். அந்த இடம் கிடைக்கக் கெமிஸ்ட்ரியில் A விழுந்தே ஆக வேண்டும் என்பது அவள் தனக்குத்தானே போட்டு வைத்திருந்த கணக்கு. பள்ளியில் நடந்த முன்தேர்வில் கெமிஸ்ட்ரியில் அவள்தான் முதல்.

அந்த முறை, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஜனவரி மாதம் முழுக்க நடந்தது. அது முடிந்த கையோடு தைப்பூசம். மாமாவுக்குப் பக்தி முற்றிவிட்டது. டிசம்பர் நடுவிலேயே ஒரு சாயங்காலம் லைவில் அக்காள் தோளில் கைபோட்டுக்கொண்டு அறிவித்தார். "எம்மக எல்லாப் பாடத்துலயும் A எடுக்கணும். அதுக்காக ஒரு மண்டலம் வெரதம் இருந்து தண்ணீர்மலை முருகனுக்கு காவடி எடுக்கப் போறேன்." அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையில் இதயங்களாகப் பறந்தன. லோஷினி நிஜமாகவே அழுதாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர், முருகன் என்றால் அதைவிட ஒரு படி மேல்.

கோயிலில் மாமாவின் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள், கழுத்தில் துளசி மாலை போட்டார்கள். அன்று மாலையே அவர் பையைத் தூக்கினார்.

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்க இருக்கீங்க. மாசா மாசம் தீட்டு வரும். வெரதம்னா சுத்தமா இருக்கணும்லா. சிம்பாங் அம்பாட்டுல எங்க காவடிக் குழு பசங்க ஒரு வீடு எடுத்துருக்காங்க, வேலைக்கும் பக்கம். தைப்பூசம் வரைக்கும் அங்கயே தங்கிக்கறேன்."

"அப்பா, நான் வேணா சித்தி வீட்டுல போயி தங்கிக்கறேன். நீங்க ஏன் போவணும்?" என்றாள் லோஷினி.

"வேணாம்மா. நீ படிக்கிற புள்ள. ஒன்ன அலைய விடக்கூடாது."

காவடி எடுக்கிறவர்கள் மனைவியை விட்டு விலகித் தரையில் தனியாகப் படுப்பது எங்களிடம் உள்ள வழக்கம்தான். சிலர் கோயிலிலேயே போய்த் தங்கிவிடுவார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, மரியாதைதான் கூடியது. வீட்டை விட்டுப் போகிற புருஷனுக்குக் கற்பூரம் காட்டி வழியனுப்பிய குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அந்தக் கற்பூரத்தையும் அக்காள் வீடியோ எடுத்துப் போட்டாள்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு தொடங்கிய முதல் வாரம். படித்து அலுத்துப்போன ஒரு பொழுதில் லோஷினி டிக்டாக்கைத் திறந்திருக்கிறாள். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று அது ஒரு கணக்கை நீட்டியிருக்கிறது. யார் யார் எண் யார் யார் கைப்பேசியில் இருக்கிறது என்று அதற்கு எல்லாம் தெரியும். அந்தக் கணக்கு கோகிலா என்ற ஒருத்தியுடையது. சிம்பாங் அம்பாட்டில் வீடு, சமையல் வீடியோ போடுகிறவள். 'என்னவருக்குப் பிடிச்ச ஆட்டுப் பெரட்டல்' என்று தலைப்பு. கடைசியில் ஒரு ஆணின் கை தட்டுக்கு வந்து ஒரு துண்டு கறியை எடுக்கிறது. முகம் இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. ஆட்காட்டி விரலின் நுனி இல்லை. மாமாவின் விரல் நுனியை அவர் மெஷின் ஓட்டிய காலத்தில் மெஷின் வாங்கிக்கொண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் லோஷினி நடக்கப் பழகினாள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இன்னொருத்தி வீட்டில் இருக்கிறார் என்பது ஒரு இடி. அதைவிடப் பெரிய இடி, அவர் கையில் கட்டியிருந்த காப்பு தன் பெயரில் கட்டியது என்பது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அப்பாவைத் திட்டியிருக்கும், அம்மாவிடம் ஓடியிருக்கும். இவளோ விரதம் முறிந்துவிட்டதே, என் பரீட்சை என்ன ஆகும் என்று பயந்தாள். சாமிக்குப் பயந்து வளர்ந்த பிள்ளை. அப்படித்தான் வளர்த்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்காள் லைவில் 'கேள்வி பதில்' நடத்துவாள். எந்த நாளில் வீடு மாறலாம், வேலுக்கு எந்தப் பூ வைக்கலாம் என்று கேட்பார்கள். எந்தச் சாமியாரிடம் தீட்சை வாங்கினாளோ, கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை நானும் ஹாலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். லோஷினி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நினைத்தோம்.

பேர் இல்லாமல் மல்லிகைப்பூப் படம் போட்ட ஒரு கணக்கிலிருந்து கேள்வி வந்தது. அக்காள் அதைச் சத்தமாகப் படித்தாள். "அக்கா, ஒருத்தவங்க வெரதம் எடுத்துட்டு நடுவுல ஒழுக்கம் தப்பிட்டா, யாருக்காக வேண்டிக்கிட்டாங்களோ அவங்களுக்கு என்ன ஆவும்?"

படித்து முடித்ததும் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமராவுக்குள் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசினாள். வழக்கமான தேன் குரல் இல்லை.

"நல்ல கேள்வி. எல்லாரும் கேட்டுக்குங்க. வெரதத்துல இருக்கறவங்க ஒழுக்கம் தப்பினா அந்தப் பாவம் அவங்கள ஒண்ணும் செய்யாது. யாருக்காக வேண்டிக்கிட்டாங்களோ அந்தப் புள்ள தலையிலதான் போயி விழும். புள்ள படிப்பு போவும், வாழ்க்க போவும். முருகன் கிட்ட வெளையாடாதீங்க."

உடனே அதே கணக்கிலிருந்து இன்னொரு கேள்வி. அதை எப்படிச் சரிசெய்வது?

"அந்தப் புள்ளயே முழு வெரதம் இருந்தாத்தான் உண்டு. ஒரு வேள சாப்பாடு, பச்சத் தண்ணியில குளியல், தரையில படுக்க. கடசி வரைக்கும் இருக்கணும். பாதியில வுட்டா அதுவும் போச்சு."

நான் சோற்றை மென்றுகொண்டே, 'எங்கிருந்துதான் இவ்வளவு சாஸ்திரம் வருகிறதோ' என்று நினைத்துக்கொண்டேன். லைவ் முடிந்ததும் அக்காள் தண்ணீர் குடித்தாள். உடனே இன்னொரு தம்ளரும் குடித்தாள். களைப்பு என்று விட்டுவிட்டேன். பத்தடி தள்ளி, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மல்லிகைப்பூக் கணக்கில் அந்தக் கேள்விகளைத் தட்டியது லோஷினி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாளே அவள் விரதத்தைத் தொடங்கிவிட்டாள். பகலில் ஒரு வேளை கொஞ்சம் சோறும் ரசமும், மற்றபடி தண்ணீர். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீர்க் குளியல். மெத்தை இருக்க வெறும் டைல்ஸ் தரையில் படுக்கை. கேட்டால், பள்ளியில் பசியாறிவிட்டேன் என்பாள். தேர்வு எழுதுகிற பிள்ளை, எரியும் விளக்கில் எண்ணெய் இல்லாத மாதிரி நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தாள். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன்.

பெற்ற தாய் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள், கேமரா வழியாக. 'தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்க வேண்டும்' என்று தினமும் ஒரு வீடியோ. முட்டை, வாதாம், கீரை என்று அழகாக அடுக்கிய தட்டு. லோஷினி ஒரு கரண்டியை எடுத்து வாயருகே கொண்டுபோய்ச் சிரிக்க வேண்டும். அந்தக் கரண்டி வாய்க்குள் போனதா என்று பார்க்க அக்காளுக்கு எங்கே நேரம்? அவளுக்குத் தலைப்பு எழுதவேண்டிய வேலை இருந்தது. தட்டு அப்படியே குளிர்ப்பெட்டிக்குப் போகும், மத்தியானம் அக்காளே அதைச் சூடாக்கித் தின்பாள்.

கெமிஸ்ட்ரி இரண்டாம் தாளன்று கடையில் இருந்தேன். பள்ளியிலிருந்து சிக்கு ஸுல்கிஃப்லி அழைத்தார். ஆசிரியரின் குரலில் பதற்றம் இருந்தது. லோஷினி தேர்வு மண்டபத்தில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், அம்மாவை அழைத்தால் எடுக்கவில்லை, அப்பாவின் போன் அடைத்திருக்கிறது, உங்கள் எண்தான் மூன்றாவதாக இருந்தது என்றார். அப்படியே கடையை விட்டு ஓடினேன். போகிற வழியில் நானும் அக்காளை அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஃபேஸ்புக்கைத் திறந்தால் லைவில் இருந்தாள். பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டு, "இந்தக் கலரு போனா வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே கருத்து போடும் இடத்தில், 'அக்கா போனை எடு, லோஷி ஆஸ்பத்திரியில' என்று எழுதினேன். என் எழுத்தின் மேல் விலை கேட்கிறவர்களின் எழுத்து ஏறி ஏறிப் போனது.

லோஷினி கட்டிலில் கிடந்தாள். கையில் டிரிப். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருக்கிறது, இந்தப் பெண் எத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "மணி என்ன சித்தி?" சொன்னேன். தாளின் நேரம் முடிந்து போயிருந்தது. "மூணே கேள்விதான் எழுதினேன். எல்லாம் தெரிஞ்ச கேள்வி சித்தி. எல்லாமே தெரிஞ்ச கேள்வி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளை அப்படி அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததுபோல் ஒரு வேதனை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அழுது ஓய்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீடியோவைக் காட்டினாள். மஞ்சள் காப்பு, நுனி இல்லாத விரல், ஆட்டுக்கறி. மல்லிகைப்பூக் கணக்கைச் சொன்னாள். தரையில் படுத்ததைச் சொன்னாள். நர்ஸ் கோழிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். லோஷினி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வாயத் தொற லோஷி. இல்லன்னா மூக்குல குழா வுட்டுக் குடுப்பாங்க."

"வேணாம் சித்தி. ப்ளீஸ் சித்தி."

நான் விடவில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்தக் கஞ்சிக் கரண்டியில் இருந்தது. ஊட்டினேன். அழுதுகொண்டே விழுங்கினாள்.

அக்காள் லைவ் முடிந்து வந்து சேர்ந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அது பொய்யில்லை. அன்று மாலை அவளை வீட்டுக்குத் தனியாக இழுத்து வந்து, அவள் வீடியோவுக்குப் போடும் வட்ட விளக்கின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மாமாவின் விஷயத்தை உடைத்தேன். மயங்கி விழுவாள் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சேலை முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தீபாவளிக்கு முன்னாலயே தெரியும். அவரு வாட்ஸ்அப்பப் பாத்தேன். கோகிலா. புருஷன் செத்துட்டாரு. இவரு கூட வேல செய்யறவ."

"அப்பறம் எதுக்குடி கற்பூரம் காட்டி அனுப்பிவச்ச?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? இருபதாயிரம் பேரு என்னயத் தனாக்கா தனாக்கான்னு கூப்புடறாங்க. நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்து ஒக்காருவேன்? தைப்பூசம் முடிஞ்சா அவரு வந்துருவாருன்னு நெனச்சேன். வெரதம்னாலாவது பயம் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப அந்த வெள்ளிக்கெழம லைவுல வந்த கேள்வி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தக் கோகிலாதான் கேட்டான்னு நெனச்சேன். பேரு போடாம பூப்படம் போட்டுக்கிட்டு என்னய நக்கல் பண்றான்னு. அவரும் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சேன். புள்ள தலையில விழும்னு சொன்னா அவருக்கு ஒறைக்கும், பயந்துக்கிட்டாவது ஓடி வந்துருவாருன்னு பாத்தேன்."

"அத கேட்டது ஒம்மவடி."

அக்காளின் கையிலிருந்து முந்தானை நழுவியது. நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாக நிமிர்ந்து கேட்டாள், "இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

அறைந்திருக்க வேண்டும். கைவரைக்கும் வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தேன். டிரிப் ஏறிய லோஷினியின் கையைப் படம் எடுத்து, 'என் தங்கத்துக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் உறவுகளே' என்று போட்டிருந்தாள். முருகா, முருகா என்று ஆயிரக்கணக்கில் கருத்துகள். மாமாவும் கீழே வந்து கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை. விரதத்தில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குள் வந்தால் தீட்டாம்.

பாக்கி இருந்த இரண்டு தாள்களையும் லோஷினி எழுதினாள். பேச்சு குறைந்துபோயிருந்தது. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவாள்.

தைப்பூசத்தன்று மாமாவை நேருக்கு நேர் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். கேட்க முடியவில்லை. கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்தியிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தார். சனங்கள் வரிசையாக அவர் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அக்காள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அப்பா கால்ல விழு லோஷி" என்று மகளை முன்னால் தள்ளினாள். லோஷினி விழுந்தாள். மாமா அந்தக் குறைவிரலால் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். கூட்டம் வேல் வேல் என்றது. அந்த வீடியோதான் அக்காளின் ஃபேஸ்புக் பக்கத்திலேயே அதிகம் ஓடியது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தைப்பூசம் முடிந்தும் மாமா வரவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது என்று ஒரு காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வீடியோவுக்கு உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்படி ஒரு ஏற்பாடு அவர்களுக்குள் நடந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஏப்ரலில் முடிவு வந்தது. பள்ளிக்கு நான்தான் கூடப் போனேன். எட்டுப் பாடத்தில் A. பயாலஜி B. கெமிஸ்ட்ரி D. சிக்கு ஸுல்கிஃப்லி லோஷினியிடம் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்காள் வாசலிலேயே தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் கறுத்தது. கொஞ்ச நேரம் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு தாளைப் படம் பிடித்து, எழுத்தை மாற்றுகிற ஏதோ ஒரு செயலியில் போட்டு, B-யையும் D-யையும் A ஆக்கினாள். "என்னடி பண்ற?" என்று கத்தினேன்.

"எல்லாரும் காலையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க ஜெகா. காவடி எடுத்தும் ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுவாங்கலா. யாரு வந்து தாளக் கேக்கப் போறா?"

'எல்லாமே A. தந்தையின் விரதம் வீண் போகவில்லை' என்று போட்டாள். வாழ்த்துகள் கொட்டின. மாமா முதல் ஆளாக வந்து, 'முருகன் கைவிடல' என்று எழுதினார். அதற்குக் கோகிலா ஒரு இதயம் போட்டிருந்தாள். அடுத்த வருஷம் தன் பையனுக்காகவும் மாமா விரதம் இருப்பாரா என்று ஒரு அம்மா கேட்டிருந்தாள்.

அறைக்குள் போனேன். லோஷினி கட்டிலில் உட்கார்ந்து தன் கைப்பேசியில் அந்த வாழ்த்துகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். அழவில்லை.

"ஒங்கப்பன எனக்கு மன்னிக்கவே முடியல லோஷி" என்றேன்.

"அப்பா தப்பு இல்ல சித்தி. அவரு முறிச்சத நான் சரி பண்ணிக்கிட்டுதான் வந்தேன். எழுதுன மூணு கேள்விக்கே முருகன் காப்பாத்தியிருப்பாரு, நான்தான் கடசியில வுட்டுட்டேன். ஆஸ்பத்திரியில கோழிக் கஞ்சி குடிச்சேன். அதான் D."

அந்தக் கஞ்சியை ஊட்டியது நான். இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க இதைச் சுமந்துகொண்டு திரியப் போகிறதே என்று பொறுக்கமாட்டாமல், இத்தனை மாதமாக வாயில் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். "கேளு லோஷி. வெரதமும் இல்ல, சாபமும் இல்ல. அன்னிக்கி லைவுல ஒங்கம்மா சொன்னது எந்தச் சாஸ்திரத்துலயும் இல்ல. ஒங்கப்பா விஷயம் அவளுக்குத் தீபாவளிக்கு முன்னாலயே தெரியும். அந்தக் கேள்வியக் கோகிலாதான் கேக்கறான்னு நெனச்சிக்கிட்டு, ஒங்கப்பாவ பயமுறுத்தத்தான் வாயில வந்தத சொன்னா. நீ கேட்டன்னு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டா."

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். லோஷினி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பாவ பயமுறுத்த, என் தலையில விழும்னு சொன்னாங்களா?"

"அவதான் கேட்டான்னு நெனச்சி..."

"யாரு கேட்டா என்ன சித்தி? தல என்னோடதுதானே."

ஹாலிலிருந்து அக்காளின் குரல் வந்தது. பழைய தேன் குரல். "லோஷி, வாம்மா! எல்லாரும் ஒன்னத்தான் பாக்கணும்ங்கறாங்க. எப்புடிப் படிச்சன்னு சொல்லு வா!"

"போவாத" என்றேன். கையைப் பிடித்தேன். அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று முடியைச் சரிசெய்தாள், நெற்றிப் பொட்டை நேராக்கினாள். "வரேம்மா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள்.

அறையிலேயே உட்கார்ந்து என் கைப்பேசியில் பார்த்தேன். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அப்பாவுக்கும் முருகனுக்கும் நன்றி சொன்னாள். ஒருநாளும் காலையில் பசியாறாமல் பள்ளிக்குப் போகாதீங்க தம்பி தங்கச்சிங்களா என்றாள். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. கடைசியில் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அச்சு அசலாக அக்காளின் சிரிப்பு.